மணிக்கு அறுபது சென்ட் முதலுதவி

ஜூன் 9, 1997, திங்கள்

இன்று மாமாவுக்கு நகம் வெட்டினேன். வலது கைக்கு ஐந்து நிமிடம். இடது கைக்கு அரை மணி நேரப் பேச்சுவார்த்தை. பக்கவாதம் வந்து வலது பக்கம் போன பிறகு ராமசுப்ரமணியன் மாமாவிடம் மிச்சமிருக்கும் படை அந்த இடது கை ஒன்றுதான். அதை லேசில் யாரிடமும் ஒப்படைக்க மாட்டார். மெட்ராஸில் தணிக்கை ஆபீசில் முப்பத்தாறு வருடம் அடுத்தவர் கணக்கில் தப்புப் பிடித்தவர். இப்போது அமெரிக்காவில், நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில் மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடுத்தவர் தட்டு முந்திரியைப் பிடிக்கிறார். நாக்கு குழறுவதால் திட்டுவது பாதிதான் புரியும். அதுவரை லாபம்.

ஏஜென்சியிலிருந்து கடிதம். வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்களில், முதலுதவி சர்டிபிகேட் வைத்திருப்பவர்களுக்கு மணிக்கு அறுபது சென்ட் கூடுதல் படியாம். ஆறு மாதச் சோதனை. டிசம்பரில் முதலாளிகள் உட்கார்ந்து, தொடர்வதா நிறுத்துவதா என்று பேசுவார்களாம்.

றெஜினா காரில் சொன்னாள்: "அக்கா, நீங்களும் பேர் குடுங்கோ. பாஸ் பண்ணாட்டியும் பரவாயில்லை, மத்தியானச் சாப்பாடு தருவினம்." றெஜினா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இதே ஏஜென்சி. எனக்குக் கார் ஓட்ட வராது. ஆகவே தினமும் அவளுடைய கொரோலாவில்தான் என் போக்குவரத்து. ஊர் வம்பும் அதிலேயேதான்.

ஜூன் 10

என் வீட்டுக்காரர் கிட்டுசாமியிடம் சொன்னேன். பெட்ரோல் பங்க்கிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், கழற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "கோழி கழுவறப்போ மயங்கி விழுந்தவ நீ. நீ முதலுதவி செஞ்சா ரண்டு ஆம்புலன்ஸ் வேணும் புள்ள."

பேர் கொடுத்துவிட்டேன். வீம்புதான். அறுபது சென்ட் இரண்டாவது காரணம்.

ஜூன் 17

புத்தகம் தொண்ணூறு பக்கம். முழுக்க இங்கிலீஷ். நான் உடுமலைப்பேட்டையில் எட்டாம் வகுப்பில் இங்கிலீஷோடு சமாதானமாகப் பிரிந்தவள்.

பர்வதம் மாமிதான் கை கொடுத்தார். மாமாவின் மனைவி, அறுபத்தெட்டு வயது, அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. மத்தியானம் மாமா தூங்கும் நேரம், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே புத்தகத்தைப் பிரித்து வைத்துக் கேள்வி கேட்கிறார்.

"தொண்டை அடைச்சுண்டா என்ன பண்ணுவே?"

"இருமுறாங்களான்னு பார்ப்பனுங்க மாமி."

"இருமினா?"

"விட்டுருவேன். தானா வெளிய வந்துரும்."

"சத்தமே வரலேன்னா?"

"பின்னால போய், ரண்டு கையும் சுத்திப் போட்டு..."

"எங்கே?"

அந்த இடத்தின் பெயரை மாமி தன் வாயால் சொல்ல மாட்டார். மாமா படுத்திருக்கும் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தியால் தன் வயிற்றை நோக்கிக் காட்டினார். நான் உரக்க, "தொப்புளுக்கு மேலீங்க!" என்றேன். "மெதுவாடி!" என்று சிவந்து போனார்.

சஷ்டி கவசம் மாதிரி தினம் ஒரு தரம் ஒப்பிக்க வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 28, சனி

சர்ச்சின் கீழ்த்தளத்தில் பரீட்சை. இடுப்புக்குக் கீழே எதுவுமில்லாத ரப்பர் பொம்மை ஒன்று. அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தேன். சம்பந்தியின் நெஞ்சில் ஏறி அமுக்க இப்படி ஒரு வாய்ப்பு எந்தத் தாய்க்குக் கிடைக்கும்? றெஜினா சிரித்துச் சிரித்து எண்ணிக்கையைத் தவறவிட்டுத் திரும்பச் செய்தாள்.

இருவரும் பாஸ். சாப்பாடு சான்ட்விச். ஏமாற்றம்.

ஜூலை 11

சம்பளச் சீட்டில் தனியாக ஒரு வரி. 'முதலுதவிப் படி.' கிட்டுசாமி கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். காப்பி அவரே போட்டார்.

ஆகஸ்ட் 14

ஆறு வாரமாகப் பிளாஸ்திரி, கத்தரிக்கோல், பஞ்சு எல்லாம் வைத்த சிவப்புப் பையோடு சுற்றுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகமாட்டேன் என்கிறது. ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் ஒருவர் வழுக்கினார். நான் பையைத் திறப்பதற்குள் எழுந்து தேங்காய் விலை கேட்கப் போய்விட்டார்.

இன்று மாமாவின் மருமகள் ஷ்யாமளா விரலை வெட்டிக்கொண்டாள். பாய்ந்தேன். "It's okay aunty, I got it" என்று அவளே கழுவி, அவளே ஒட்டிக்கொண்டாள். படியை வாங்கிக்கொண்டு ரத்தத்துக்கு ஏங்கும் ஒரே பெண் நியூ ஜெர்சியில் நானாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 8, திங்கள்

கொழுக்கட்டை. மாமா பிழைத்துவிட்டார். மிச்சம் நாளைக்கு.

செப்டம்பர் 9

சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. மிஞ்சிய கொழுக்கட்டை இரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருந்தது. மாமாவுக்கு மசித்த சாப்பாடு மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே அது எங்களுக்கு. மைக்ரோவேவில் சுட வைத்தால் மேல்மாவு ரப்பராகிவிடும். எங்களுக்குப் பல் இருக்கிறது. நேற்று மத்தியானம், தட்டு மேசை மேல். நான் ரசஞ்சாதம் மசித்துக்கொண்டிருந்தேன்.

இடது கை புறப்பட்டது. முழுசாக ஒன்று. வாய்க்குள்.

மாமி பார்த்துவிட்டு என்ன சொன்னார்? "சுவாமி பிரசாதத்தை இடது கையாலயா எடுக்கறது!"

நானும் சேர்ந்துகொண்டேன். "அதானுங்க மாமா, கேட்டா நாங்க குடுக்க மாட்டமா?"

மாமா பதில் பேசவில்லை. எதற்கும் பதில் பேசுகிறவர். கண் பெரிதாயிற்று. கை தொண்டைக்குப் போயிற்று. புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கம் அச்சு அசலாக அதே படம்.

நான் என்ன செய்தேன்? எழுதித் தொலைக்கிறேன், இந்த நோட்டை யார் பார்க்கப்போகிறார்கள். உச்சந்தலையில் தட்டினேன். தட்டிக்கொண்டே, "யாரோ நினைக்கறாங்க மாமா, யாரோ நினைக்கறாங்க" என்றேன்.

புரையேறினால் தலையில் தட்டுவது. எனக்கு என் அம்மா தட்டினாள், என் பிள்ளைகளுக்கு நான் தட்டினேன். ஐம்பத்திரண்டு வருடப் பழக்கத்தின் முன்னால் ஒரு சனிக்கிழமைச் சர்டிபிகேட் எம்மாத்திரம்? மூன்றாவது தட்டில் உதடு நீலமாக ஆரம்பித்தது. நினைத்துக்கொண்டிருந்தது எமன்.

"தள்ளுடி!"

மாமி. நாற்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் "ஏன்னா" என்பதைத் தாண்டிக் கூப்பிட்டறியாத மாமி. நாற்காலிக்குப் பின்னால் போனார், குனிந்தார், இரண்டு கையும் சுற்றிப் போட்டார். முஷ்டி சரியான இடத்தில். பெயர் சொல்லக் கூசிய அதே இடத்தில். ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில் கொழுக்கட்டை வெளியே வந்து ரசஞ்சாதத்தில் விழுந்தது. மாமா இருமினார். அப்படி ஒரு இனிமையான இருமலை நான் கேட்டதில்லை.

911 அடித்தது நான். அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது.

ஆம்புலன்ஸ்காரர் மாமாவைப் பரிசோதித்துவிட்டு, யார் செய்தது, பிரமாதமாகச் செய்திருக்கிறார்களே என்றார். மாமி அதற்குள் சமையலறை மூலையில் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். என்னைக் காட்டினார். மாமாவும் காட்டினார். தப்புக் கணக்கையே வாழ்நாளில் விடாத மனிதர், இடது கையால் முதல் பொய்க் கையெழுத்துப் போட்டார்.

நான்? நான் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 12

நர்ஸ் சூப்பர்வைசர் டொலொரெஸ் வந்தாள். ஆறடி உயரம், சிரித்துப் பார்த்தவர் கிடையாது. என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு போட்டோ எடுத்தாள். ஆபீஸ் சுவரில் மாட்டப்போகிறாளாம். போட்டோவில் நான் கொழுக்கட்டை மாதிரியே இருப்பேன்.

செப்டம்பர் 15

மாமி பின்கட்டுப் பக்கம் கூட்டிப்போய் மெல்லச் சொன்னார். "நாப்பத்தாறு வருஷத்துல பகல்ல அவர் கையக்கூட நான் பிடிச்சது இல்லைடி. கட்டிப் பிடிச்சேன்னு மாட்டுப்பொண் காதுல விழுந்தா நான் எங்க போய் முகத்த வெச்சுப்பேன்? நீயே பண்ணினதா இருக்கட்டும். நோக்கும் நல்லதுதானே."

எனக்கு நல்லதுதான். அதுதான் உறுத்துகிறது.

செப்டம்பர் 23

ஏஜென்சியே கொண்டாடுகிறது. டிசம்பர் கூட்டத்தில் என் கதையைச் சொல்லித்தான் டொலொரெஸ் படியைக் காப்பாற்றப் போகிறாளாம். றெஜினா என்னை முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் அவளே மாட்டிவிடுகிறாள். "அக்கா, முப்பத்தெட்டுப் பேற்ற படியும் உங்கட கையில."

என் கை எங்கே போனது என்று எனக்கல்லவா தெரியும்.

அக்டோபர் 3

டொலொரெஸ் போன். பார்சிப்பனியில் எண்பத்தொரு வயது அம்மாள் ஒருவர், விழுங்கச் சிரமப்படுபவர், தனியாக இருக்கிறார். அடிக்கடி அடைத்துக்கொள்கிறதாம். "உன்னை விட்டால் யாரை அனுப்புவேன்?" என்றாள்.

அந்த வீட்டில் மாமி கிடையாது.

அக்டோபர் 4

போனா என்ன ஆகும்? எனக்குத் தெரியும் என்ன ஆகும்னு. தட்டுவேன். யாரோ நினைக்கறாங்கன்னு சொல்லுவேன், அதுவும் தமிழ்ல. அந்த அம்மாளுக்குக் கடைசியா காதுல விழறது அதுவாத்தான் இருக்கும். சிரிப்பு வரலை. எதுக்கும் சிரிக்கற கழுதை நான், இதுக்கு வரலை. மாட்டேன்னு மட்டும் சொல்லிட்டா? ஏன்னு கேப்பாளே. கார் இல்லைன்னு சொல்லலாம். அப்ப வேற ஒரு மாமா, வேற ஒரு அம்மாள், எனக்கு எழுதிவெச்சிருக்கற ஆள்...

காரில் றெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை ரூட் 27 ஓரமாகவே நிறுத்திவிட்டாள். "விசர் வேலை பாக்காதேங்கோ அக்கா! நீங்கள் வாய் திறந்தா எல்லாற்ற படியும் போகும். நான் வேணுமெண்டா அந்த மனிசியைப் பாக்கிறன். நீங்கள் முதுகு நோகுதெண்டு சொல்லுங்கோ."

கிட்டுசாமி நான் சொன்னதையெல்லாம் தோசை தின்றுகொண்டே கேட்டுக்கொண்டார். தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் பேசினார். "சொல்லிப்போடு. அறுபது சென்ட் இல்லாம இத்தன வருசம் தின்னமல்ல?"

அக்டோபர் 6, திங்கள்

சொல்லிவிட்டேன்.

டொலொரெஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "தலையில் ஏன்?" என்றாள். புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று அர்த்தம், அதற்குத் தட்டுவோம் என்றேன். "யார்?" என்றாள். அது தெரியாது, பொதுவாக யாராவது என்றேன். அவள் அதையும் ரிப்போர்ட்டில் எழுதினாள்! நான் உயிரோடு இருக்கும் வரை அந்த ஃபைலில் அந்த வாக்கியம் இருக்கும்.

பிறகு கேட்டாள்: "அந்த மனைவிக்கு யார் கற்றுக்கொடுத்தது?"

"யாரும் இல்லை. நான் படித்தபோது புத்தகத்தைப் பிடித்திருந்தவர் அவர்தான். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு."

அதையும் எழுதிக்கொண்டாள். கடைசியில் தீர்ப்பு: மறுபடி பரீட்சை எழுதிப் பாஸாகும் வரை எனக்குப் படி கிடையாது. பார்சிப்பனி றெஜினாவுக்கு. சுவரில் இருக்கும் போட்டோ இறங்கும். மாமாவின் மகனுக்கு உண்மையை எழுத வேண்டும், அது சட்டம். டிசம்பர் கூட்டத்தில் என்ன சொல்வது என்று அவள் யோசிக்க வேண்டும்.

மாமாவோடு தொடரலாம் என்றாள். "அந்த வீட்டில் முதலுதவி தெரிந்தவர் இருக்கிறார்." சிரிக்காமலேயே சொன்னாள்.

அக்டோபர் 9

மாமி என்னோடு பேசுவதில்லை. மாமா வழியாகத்தான் எல்லாம். "ஏன்னா, அவளைக் காப்பி எடுத்துக்கச் சொல்லுங்கோ." மாமா என்னைப் பார்த்துக் குழறலாக, "காப்பி" என்பார். ரிட்டையரான பிறகு முதல் தடவையாக அவருக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.

ஷ்யாமளா மாமியாரைக் கட்டிக்கொண்டு, "அம்மா, you saved him! ஏன் சொல்லவே இல்லை?" என்று அழுதாளாம். அதோடு விட்டாளா? பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் பிரசாத வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் நடித்தே காட்டிவிட்டாள், யாரோ ஒரு டாக்டர் மனைவியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து. மாமி இனி கோவில் பக்கமே போகமாட்டாராம்.

அக்டோபர் 10

றெஜினாவும் வரவில்லை. நாலாவது நாள். இரண்டு பஸ் மாறிப் போகிறேன். பஸ்ஸில் பேச ஆள் இல்லை. வாய்க்கு இவ்வளவு ஓய்வு கொடுத்ததே இல்லை.

அக்டோபர் 14

நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் குடை மடங்கிப்போய் நின்றேன். கொரோலா வந்து நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது.

"ஏறுங்கோ. கதைக்க மாட்டன். ஆனா ஏறுங்கோ."

ஏறினேன். இரண்டு சிக்னல் வரை தாக்குப்பிடித்தாள். பிறகு பார்சிப்பனி அம்மாளின் பூனையைப் பற்றி ஆரம்பித்தாள்.

நவம்பர் 4

மாமி இன்று நேராகப் பேசினார். "கத்தரிக்காய் இருக்கு. புஸ்தகத்த எடுத்துண்டு வா."

டிசம்பர் 18

கூட்டம் முடிந்தது. டொலொரெஸ் இரண்டு கதையையும் மறைக்காமல் சொன்னாளாம்: சர்டிபிகேட் வைத்திருந்தவள் தலையில் தட்டியது, காய் நறுக்கியவர் காப்பாற்றியது. "ஒருதரம் வகுப்புக்குப் போனாக் காணாது, கை பழகோணும் எண்டு சொன்னவவாம்" என்றாள் றெஜினா.

படி தொடரும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோரும் சம்பந்தி முன்னால் நிற்க வேண்டும். சனிக்கிழமையில். முப்பத்தேழு பேர் என்னைச் சபிக்கிறார்கள், அதில் ஒருத்தி பரிசாகத் தேங்காய் ஒன்றை அனுப்பியிருக்கிறாள், தட்டிப் பழக.

ஜனவரி 10, 1998, சனி

மறுபரீட்சை. எழுத்துப் பரீட்சை முடிந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். பயிற்சி கொடுப்பவர் என் முன்னால் டோனட் தின்றுகொண்டிருந்தவர், திடீரென்று தொண்டையைப் பிடித்தார். சத்தமில்லை.

என் வலது கை மேலே கிளம்பியது. நானே பார்த்தேன். பாதி வழியில், அவருடைய வழுக்கைக்கு ஒரு சாண் முன்னால், நின்றது. இறங்கியது. நான் பின்னால் போய் இரண்டு கையும் சுற்றிப் போட்டதும் அவர் சிரித்துவிட்டார்; அடைப்பு நடிப்பு, செய்முறைப் பரீட்சையே அதுதானாம்.

சத்தம் வந்தால் யாரோ நினைக்கிறார்கள். சத்தம் வராவிட்டால் நினைக்க வேண்டியது நான். இதைப் புத்தகத்தில் போடவில்லை; போட்டிருந்தால் எட்டாம் வகுப்புக்காரிக்கு முன்னமே புரிந்திருக்கும்.

பாஸ்.

மார்ச் 3, செவ்வாய்

ரசஞ்சாதம், மசித்த பீன்ஸ். மாமி இப்போதெல்லாம் மாமாவுக்கு எதிரே உட்காருவதில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார், ஒரு கை அவர் தோளில். "எதுக்குங்க மாமி கால் கடுக்க நிக்கறீங்க?" என்று கேட்டேன். "சேஃப்டிக்குடி" என்றார். ஷ்யாமளா வந்தால்கூட அந்தக் கையை எடுப்பதில்லை.

நாலாவது வாயில் மாமாவுக்கு இருமல் வந்து, பாதியில் நின்றது. கரண்டி என் கையிலேயே நின்றது. மாமியும் நான் பார்ப்பதையே பார்த்தார். ஒன்று. இரண்டு.

"என்ன... ரெண்டு பேரும்... பாக்கறேள்?" என்றார் மாமா.

சத்தம் வந்துவிட்டது. மாமி குனிந்து அவர் உச்சந்தலையில் மெதுவாகத் தட்டினார். "யாரோ நினைக்கறா."

மாமாவின் இடது கை புறப்பட்டது. தட்டுக்குப் போகவில்லை, மாமியின் கை இருந்த தோள் பக்கம் போயிற்று. எனக்கு ரசம் எடுத்துவர வேண்டியிருந்தது, உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் ஏஜென்சிக்கு வேலை நேரத்தாள் எழுதினேன். முதலுதவிப் படி என்ற கட்டத்தில் டிக். சம்பவம் என்ற கட்டத்தில்: ஒன்றுமில்லை.